ஆவியைக் கறுப்பில் வரைய முடியாது: ஹாண்டட் மேன்ஷன் ரசிகர் அனிமேஷனுக்கு ஓர் எளிய அறிமுகம்

டிஸ்னிலேண்ட் கேளிக்கைப் பூங்காவில் உள்ள ஹாண்டட் மேன்ஷன் என்ற பேய் மாளிகைச் சவாரியில், தூசி படிந்த விருந்துக் கூடத்தில் ஜோடி ஜோடியாகச் சுழன்றாடும் ஆவிகளைப் பற்றி யாராவது பேசத் தொடங்கினால், சற்று நேரத்தில் ‘ஹோலோகிராம்’ என்ற சொல் வந்துவிடுகிறது. அதே காட்சியை ரசிகர்கள் ஓவியமாகவோ சில விநாடி அனிமேஷனாகவோ செய்யும்போது, ஆவியை வரைந்து அதன் அடர்த்தியைப் பாதியாகக் குறைத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வரைந்து முடித்த பிறகு, ஏதோ ஒன்று குறைகிறது என்று மட்டும் அவர்களுக்குத் தெரிகிறது. ஆவி அந்த அறையில் நிற்பதுபோல் இல்லாமல், மெல்லிய தாளில் வெட்டி ஒட்டியதுபோல் இருக்கிறது. இந்தக் குறைக்கும் ‘ஹோலோகிராம்’ என்ற தவறான பெயருக்கும் காரணம் ஒன்றுதான். அந்த ஆவிகள் எப்படித் தோன்றுகின்றன என்பது பெரும்பாலோருக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை.

ஏற்கெனவே உள்ள ஒரு படைப்பின் மீதுள்ள விருப்பத்தால், அதன் உருவங்களையும் காட்சிகளையும் பிறர் தம் கையால் மீண்டும் வரைவதை ரசிகர் ஓவியம் என்கிறோம். கேளிக்கைப் பூங்காக்களின் பழைய சவாரிகளில், அவ்வகை ஓவியங்களை மிகுதியாகத் தூண்டியவற்றுள் இந்த மாளிகை ஒன்று. இதை வரைய விரும்புபவருக்குக் கொஞ்சம் ஒளியியல் தெரிந்திருந்தால் போதும். பள்ளியில் படித்த எதிரொளிப்புப் பாடத்துக்கு மேல் எதுவும் தேவையில்லை.

அனிமேட்டர்கள் கட்டிய மாளிகை

கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் உள்ள டிஸ்னிலேண்டில் இந்த மாளிகையின் வெளிக்கட்டடம் 1963 இலேயே எழும்பிவிட்டது. உள்ளே சவாரி தயாராகி, மக்களுக்குத் திறக்கப்பட்டது 1969 ஆகஸ்ட் 9 அன்றுதான். இடையில், 1966 டிசம்பரில், வால்ட் டிஸ்னி இறந்துபோனார். உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதில் அவருக்குப் பின் வந்தவர்களிடையே இரண்டு கருத்துகள் இருந்தன. பின்னணி ஓவியராகப் பயிற்சி பெற்ற கிளாட் கோட்ஸ் சூழலின் அச்சத்தை விரும்பினார். பாத்திரங்களை இயக்கிப் பழகிய அனிமேட்டரான மார்க் டேவிஸ் நகைச்சுவையை விரும்பினார். சவாரியின் முற்பகுதியில் ஆளே இல்லாத நீண்ட நடைக்கூடங்களும் தட்டப்படும் கதவுகளும் இருப்பதற்கும், பிற்பகுதியில் விதவிதமான வேடிக்கை ஆவிகள் கூட்டம் கூட்டமாக வருவதற்கும் இந்த இரு மனப்போக்குகளே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. வசனத்தையும் பாடல் வரிகளையும் எழுதிய எக்ஸ் அட்டென்சியோவும் அனிமேஷன் பிரிவிலிருந்து வந்தவரே.

எனவே ரசிகர்கள் இந்தச் சவாரியை அனிமேஷனாக்குவது, ஒரு வகையில், அது கிளம்பிய இடத்துக்கே அதைத் திருப்பிக் கொண்டுபோவதாகும். ரசிகர் ஓவியங்களில் பெரும்பாலானவை டேவிஸின் பிற்பகுதியையே சுற்றிவருவதில் வியப்பில்லை. அங்கே முகங்கள் இருக்கின்றன. ஆனால் வரைந்து பழகுபவர் கோட்ஸின் வெறும் நடைக்கூடங்களிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் எண்ணம். இருட்டை வரையத் தெரியாதவர் ஆவியை வரைய முடியாது. ஏன் என்பது இனி விளங்கும்.

இரவுப் பேருந்தின் ஜன்னல்

இரவில் பேருந்தில் பயணம் செய்யும்போது, உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தால், ஜன்னல் கண்ணாடியில் நம் முகம் தெரியும். அந்த முகத்தின் ஊடே வெளியே ஓடும் மரங்களும் தெரியும். கூர்ந்து கவனித்தால், முகம் கண்ணாடியின் மீது படிந்திருப்பதாகத் தோன்றாது. கண்ணாடிக்கு அப்பால், இருட்டில், பேருந்தோடு சேர்ந்து மிதந்து வருவதாகத் தோன்றும். நடத்துநர் விளக்கை அணைத்ததும் முகம் மறைந்துவிடுகிறது. பகலிலும் அதே கண்ணாடி அங்கேதான் இருக்கிறது, ஆனால் முகம் தெரிவதில்லை.

இந்த அனுபவத்தில் மாளிகையின் தந்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. தெளிவான கண்ணாடி தன்மீது நேராக விழும் ஒளியில் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. இரு பரப்புகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 8 சதவீதம். மீதி பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடுகிறது. பகலில் வெளியிலிருந்து வரும் ஒளி வெள்ளத்தில் இந்த 8 சதவீதம் கரைந்துபோகிறது. வெளியே இருட்டாகவும் உள்ளே வெளிச்சமாகவும் இருக்கும்போது, அந்தச் சிறு பங்கே கண்ணுக்குப் போதுமானதாகிவிடுகிறது.

எதிரொளிப்பால், பொருள் உண்மையில் இல்லாத இடத்தில் அது இருப்பதுபோல் தோன்றும் உருவத்தை மாய பிம்பம் என்பார்கள். சமதளக் கண்ணாடியில் மாய பிம்பத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பொருள் கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் அதே தொலைவில் தோன்றும். இடமும் வலமும் மாறியிருக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், ஒரு கண்ணாடி, அதற்கு அப்பால் ஒரு மங்கலான இடம், இப்பால் நன்கு ஒளியூட்டப்பட்ட ஓர் உருவம் ஆகிய மூன்றும் சேர்ந்தால், மங்கலான இடத்தில் ஊடுருவித் தெரியும் உருவம் ஒன்று தோன்றிவிடும்.

பெப்பரின் ஆவி

இதை நாடக மேடைக்குக் கொண்டுவந்து புகழ்பெறச் செய்தவர், லண்டன் ராயல் பாலிடெக்னிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் ஹென்றி பெப்பர். ஹென்றி டர்க்ஸ் என்ற பொறியாளர் முதலில் முன்வைத்த அமைப்பு, சாதாரண அரங்குகளில் நிறுவுவதற்குக் கடினமாக இருந்தது. பெப்பர் அதை எளிமைப்படுத்தினார். 1862 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், சார்லஸ் டிக்கன்ஸின் கதை ஒன்றின் காட்சியில் அதைக் காட்டினார். மேடைக்கு முன் சாய்வாக நிறுத்திய பெரிய கண்ணாடி பார்வையாளர்களுக்குத் தெரியவில்லை. மேடைக்குக் கீழே மறைவிடத்தில் பளிச்சென்ற ஒளியில் நின்ற நடிகரின் பிம்பம், மேடையில் ஆவியாகத் தோன்றியது. அன்றிலிருந்து இந்த உத்திக்குப் ‘பெப்பரின் ஆவி’ என்று பெயர். முதலில் யோசித்த டர்க்ஸின் பெயர் அதில் இல்லை.

ஹாண்டட் மேன்ஷனின் விருந்துக் கூடம் இதன் மிகப் பெரிய வடிவங்களில் ஒன்று. பார்வையாளர்கள் வண்டியில் அமர்ந்து ஒரு மேல்மாடம் போன்ற பாதையில் நகர்ந்துகொண்டே கூடத்தைக் கீழ்நோக்கிப் பார்க்கிறார்கள். அவர்களுக்கும் கூடத்துக்கும் இடையே செங்குத்தான பெரிய கண்ணாடி நிற்கிறது. கூடத்தில் இருக்கும் மேசை, நாற்காலி, கணப்பு எல்லாம் உண்மையானவை. ஆவிகள் மட்டும் அங்கே இல்லை. அவற்றின் இயந்திர உருவங்கள், பார்வையாளர்கள் செல்லும் பாதைக்குக் கீழேயும் மேலேயும், கறுப்பாக்கப்பட்ட மறைவிடங்களில் இயங்குகின்றன. அந்த உருவங்கள்மீது விளக்கு எரிந்தால் கூடத்தில் ஆவிகள் தோன்றும்; அணைந்தால் மறையும்.

பிம்பம் இடவலம் மாறும் என்றோமே, அதற்கு இங்கே ஒரு வேடிக்கையான சான்று உண்டு. வால்ட்ஸ் நடனத்தில் வழக்கமாக ஆண் வழிநடத்துவார். மாளிகையின் கூடத்திலோ பெண்கள் வழிநடத்துவதுபோல் தெரிகிறது. உருவங்களைச் சரியாகச் செய்து வைத்தார்கள். கண்ணாடி அவற்றைத் திருப்பிவிட்டது. இதைக் கவனித்து வரைந்த ரசிகர் ஓவியங்களைக் கண்டால், வரைந்தவர் சவாரியை உண்மையாகவே உற்றுப் பார்த்தவர் என்று உடனே சொல்லிவிடலாம்.

ஹோலோகிராம் என்று ஏன் சொல்லக்கூடாது

ஹோலோகிராம் வேறொரு தொழில்நுட்பம். ஒரு பொருளிலிருந்து வரும் ஒளி அலைகளும், அதே மூலத்திலிருந்து நேராக வரும் ஒளி அலைகளும் ஒன்றோடொன்று குறுக்கிடும்போது உண்டாகும் நுண்ணிய கோலத்தைப் பதிவு செய்து, பிறகு அதில் ஒளியைப் பாய்ச்சிப் பொருளின் உருவத்தை மீட்டெடுப்பதே ஹோலோகிராம். டென்னிஸ் கேபர் 1940களின் இறுதியில் இதன் கோட்பாட்டை உருவாக்கி, அதற்காக 1971 இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். மாளிகையில் இப்படி எந்தப் பதிவும் இல்லை. கண்ணாடியும் விளக்குகளும் மட்டுமே இருக்கின்றன.

பெயர்க் குழப்பம் மாளிகையோடு நிற்கவில்லை. 1996 இல் இறந்த ராப் பாடகர் டூபாக் ஷகூர் 2012 ஏப்ரலில் கோசெல்லா இசை விழா மேடையில் ‘தோன்றியபோதும்’, 2014 மக்களவைத் தேர்தலில் நரேந்திர மோடியின் உரை ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் காட்டப்பட்டபோதும், செய்திகள் ஹோலோகிராம் என்றே எழுதின. இரண்டுமே கனமான கண்ணாடிக்குப் பதிலாக மெல்லிய ஒளிபுகு படலத்தைச் சாய்த்துக் கட்டிய, பெப்பரின் பழைய ஆவிதான்.

ஒளியைக் கூட்டுதல்

இப்போது வரைபவரின் மேசைக்கு வருவோம். கண்ணாடியில் நடப்பது என்ன? கூடத்திலிருந்து வரும் ஒளி நம் கண்ணை வந்தடைகிறது; அதன்மேல் ஆவியின் ஒளியும் வந்து சேர்கிறது. கண்ணாடி கூடத்தின் ஒளியில் சிறிதளவைக் குறைக்கிறது என்பதை இப்போதைக்கு ஒதுக்கிவைத்தால், நடப்பது வெறும் கூட்டல். ஆவி எதையும் மறைப்பதில்லை.

கணினியில் வரைபவர்கள் படத்தின் பகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தாள்களுக்கு லேயர் என்று பெயர். ஒரு லேயர் கீழே உள்ளதை எவ்வளவு மறைக்கிறது என்பதைக் குறிப்பது ஒபாசிட்டி. ஆவி லேயரின் ஒபாசிட்டியை 50 சதவீதமாக்கினால் மென்பொருள் கூட்டுவதில்லை. இரண்டின் சராசரியை எடுக்கிறது. வேறுபாட்டை எண்களில் பார்த்துவிடலாம். முழு இருட்டு 0, முழு வெண்மை 100 என்று வைத்துக்கொள்வோம். கூடத்தின் சுவர் 10. மேசையில் எரியும் மெழுகுவர்த்தியின் சுடர் 90. ஆவியின் ஆடை 40.

சராசரி முறையில், சுவருக்கு முன் ஆவி 25 ஆகத் தெரியும். ஏறத்தாழ ஏற்றுக்கொள்ளலாம். சுடருக்கு முன் வரும்போது 90 உம் 40 உம் சேர்ந்து 65 ஆகிவிடும். அதாவது ஆவி கடந்து போகும்போது சுடர் மங்குகிறது. உண்மையான கூடத்தில் இது நடக்கவே நடக்காது. ஒளிமேல் ஒளி விழுந்தால் வெளிச்சம் கூடுமே தவிரக் குறையாது. தாளில் வெட்டி ஒட்டியதுபோல் தோன்றுகிறது என்றோமே, அதன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

லேயர்கள் ஒன்றோடொன்று எப்படிக் கலக்க வேண்டும் என்ற விதிக்குப் பிளெண்ட் மோட் என்று பெயர். அவற்றில் ‘ஆட்’ என்பது நேரடிக் கூட்டல்: சுவரில் 50 வரும், சுடரில் 130 வந்து, 100 இல் வெட்டுப்பட்டு, வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். ‘ஸ்கிரீன்’ என்பது அதைவிட மென்மையானது. இரு லேயர்களும் வெண்மைக்கு எவ்வளவு குறைவாக இருக்கின்றன என்று பார்த்து, அந்தக் குறைகளைப் பெருக்கி, அதை வெண்மையிலிருந்து கழிக்கிறது. சுவரில் 46, சுடரில் 94. எந்த இடத்திலும் பின்னணி மங்காது, எந்த இடமும் 100 ஐத் தாண்டாது. தொடக்கநிலையில் இருப்பவர்கள் ஸ்கிரீனைத் தேர்ந்தெடுத்து, ஒபாசிட்டியை 100 இலேயே விட்டுவிட்டு, ஆவி எவ்வளவு மங்கலாக வேண்டுமோ அந்த அளவுக்கு அதன் நிறத்தையே இருட்டாக்கிக்கொள்வது நல்லது.

இதிலிருந்து, வரைபவர்களைத் திகைக்க வைக்கும் ஒரு விளைவு பிறக்கிறது. ஆவியின் கோட்டு கறுப்பு என்றால் அதன் மதிப்பு 0. சுவரோடு 0 ஐக் கூட்டினால் சுவரேதான் கிடைக்கும். ஆகவே கறுப்புக் கோட்டு அணிந்த ஆவிக்குக் கோட்டு தெரியாது. முகமும் கைகளும் சட்டைக் காலரும் மட்டும் மிதக்கும். கறுப்புத் தலைமுடியும் அப்படியே ஓட்டையாகிவிடும். அதனால்தான் இத்தகைய ஆவிகளுக்கு வெளிறிய நீலமும் பச்சையும் வெண்மையும் பொருந்துகின்றன. அதே காரணத்தால் ஆவிக்கு நிழலும் கிடையாது. தரையில் ஒரு நிழலை வரைந்து ஆவியை ‘நிற்க வைக்க’ முயலும் ஓவியங்கள், நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்டவைதான் என்றாலும், ஒரே கோட்டில் மாயத்தைக் கலைத்துவிடுகின்றன.

கறுப்பு ஒரு தொல்லை மட்டும் அன்று. அது ஒரு கருவியும்கூட. ஆவி ஒரு நாற்காலிக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்றால், பிம்பம் நாற்காலியின் மேலேயே விழுந்து கெடுத்துவிடும். மறைவிடத்தில், உருவத்துக்கு முன், நாற்காலி இருக்கவேண்டிய இடத்தில் அதே வடிவில் ஒரு கறுப்புப் பொருளை வைத்தால் அந்தப் பகுதியின் ஒளி தடுக்கப்பட்டுவிடும். கணினியில் ஆவி லேயரிலேயே நாற்காலி வடிவத்தைக் கறுப்பால் நிரப்பினால் அதே விளைவு கிடைக்கும். அழிப்பான் தேவையில்லை.

இப்பகுதியில் நினைவில் கொள்ள வேண்டியவை மூன்று: ஆவி பின்னணியை மறைக்காது, வெளிச்சத்தைக் கூட்டும்; கறுப்பு என்பது ஆவியின் உலகில் வெறுமை; பின்னணி இருட்டாக இருந்தால்தான் ஆவிக்கு இடமுண்டு. இருட்டை முதலில் வரையப் பழக வேண்டும் என்று முன்பே சொன்னதன் காரணம் கடைசியாகச் சொன்னதுதான்.

வண்டி நகரும்போது

அசையாத ஓவியத்துக்கு இவ்வளவு போதும். அனிமேஷன் என்றால் இன்னொன்றும் வேண்டும். மாளிகையில் பார்வையாளர்கள் செல்லும் வண்டிகள் இடைவெளியின்றி ஒரு சங்கிலிபோல் தொடர்ந்து ஓடுகின்றன. ஒவ்வொன்றும் குறிப்பிட்ட இடங்களில் குறிப்பிட்ட திசைக்குத் தானே திரும்பும். ஆம்னிமூவர் என்ற இந்த அமைப்பு 1967 இல் டிஸ்னிலேண்டின் வேறொரு சவாரியில் முதலில் பயன்பட்டது. எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கக்கூடாது என்பதை வண்டியே முடிவு செய்வதால், அதை வெட்டே இல்லாத ஒற்றை கேமரா நகர்வு என்று சொல்லலாம்.

நாம் நகரும்போது அருகில் உள்ளவை வேகமாகவும் தொலைவில் உள்ளவை மெதுவாகவும் இடம்பெயர்வதுபோல் தெரிவதை இடமாறு தோற்றம் என்பர். ரயிலில் போகும்போது தண்டவாளத்தோரத்து மின்கம்பங்கள் பறந்துபோக, தூரத்து மலை கூடவே வருவது இதனால்தான். ஆவி கண்ணாடியின் மேல் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால், கூடத்துக்குள், தனக்கென்று ஓர் ஆழத்தில் இருக்கிறது. எனவே வண்டி நகரும்போது அது, தான் இருப்பதாகத் தோன்றும் இடத்தில் உள்ள நாற்காலியின் அதே வேகத்தில் இடம்பெயர வேண்டும். அனிமேஷன் செய்பவர்கள் ஆவி லேயரை எல்லாவற்றுக்கும் மேலே அடுக்குவது சரி; ஆனால் மேலே அடுக்கியதாலேயே அதை மிக அருகில் உள்ளதைப்போல் வேகமாக நகர்த்துவது தவறு. ஒன்று எந்த அடுக்கில் இருக்கிறது என்பது வேறு, எந்த ஆழத்தில் இருக்கிறது என்பது வேறு.

லூப் என்பது, கடைசிப் படம் முடிந்ததும் முதல் படம் தையல் தெரியாமல் தொடர்வதுபோல் அமைக்கப்பட்ட அனிமேஷன். மாளிகைக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. சவாரியின் இயந்திர உருவங்களும் நாள் முழுவதும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்பவைதாம். விநாடிக்கு 24 படங்கள் என்ற கணக்கில் 4 விநாடி லூப்புக்கு 96 படங்கள் ஆகும். ஒவ்வொரு வரைபடத்தையும் இருமுறை காட்டினால் 48 வரைந்தால் போதும். நடனமாடும் ஜோடி அந்த நேரத்தில் ஒரு முழுச் சுற்றை முடித்து, தொடங்கிய இடத்துக்கே வந்துவிட வேண்டும்.

கண்ணாடி இல்லாத காட்சிகள்

மாளிகையில் எல்லா ஆவிகளும் பிம்பங்கள் அல்ல. பளிங்கு உருண்டைக்குள் பேசும் மேடம் லியோட்டாவின் தலை, உண்மையில் முக வடிவம் கொண்ட ஒரு பொருளின்மேல் படமாக்கப்பட்ட முகத்தை ஒளியாகப் பாய்ச்சிக் காட்டுவது. முகம் லியோட்டா டூம்ப்ஸுடையது, குரல் எலினார் ஆட்லியுடையது. ஊடுருவித் தெரியாத, திடமான பொருள் அது. ஆகவே அதை ஸ்கிரீன் முறையில் வரையத் தேவையில்லை. நம்மைத் திரும்பிப் பார்ப்பதுபோல் தெரியும் மார்பளவுச் சிலைகள், உள்நோக்கிக் குழிந்த முகங்கள். குழியை மேடாகக் காணும் கண்ணின் பழக்கமே அவற்றைத் திருப்புகிறது.

தொடக்கத்தில் வரும் நீளும் அறை ரசிகர்களுக்கு மிகப் பிடித்த கருப்பொருள். அங்குள்ள படங்கள் நீள நீள அவற்றின் கீழ்ப்பகுதி வெளிப்படுகிறது: குடை பிடித்த பெண் நிற்பது முதலையின் வாய்க்கு மேலே கட்டிய கயிற்றில் என்பது அப்போதுதான் தெரியும். கலிஃபோர்னியாவில் பார்வையாளர்கள் நிற்கும் தரை கீழே இறங்குகிறது. ஃபுளோரிடாவில் 1971 இல் திறந்த இதே பெயருடைய மாளிகையில் கூரை மேலே ஏறுகிறது.

தொப்பிப் பெட்டி ஆவி

1969 இல் மாளிகை திறந்தபோது, பரண் காட்சியில் கையில் தொப்பிப் பெட்டியோடு ஓர் ஆவி நின்றது. அதன் தலை தோளிலிருந்து மறைந்து, பெட்டிக்குள் தோன்ற வேண்டும். இங்கே கண்ணாடி இல்லை. தலை ஓர் உண்மையான பொருள். அதன்மேல் விழும் விளக்கை அணைத்தால் மறைந்துவிடும் என்று கணக்கிட்டிருந்தார்கள். ஆனால் சுற்றுப்புறத்தின் சிதறிய ஒளி அதன்மேல் பட்டுக்கொண்டே இருந்ததால், விளக்கு அணைந்த பிறகும் தலை தோளிலேயே தெரிந்தது. விருந்துக் கூடத்தின் ஆவிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவை கறுப்பு மறைவிடத்தில் இருப்பதால், தம் விளக்கு அணைந்ததும் எந்த மிச்சமும் வைப்பதில்லை. சிறிது காலத்திலேயே தொப்பிப் பெட்டி ஆவி அகற்றப்பட்டது.

மிகச் சிலரே பார்த்த அந்த உருவத்தை, கிடைத்த சில புகைப்படங்களையும் விளம்பர ஓவியங்களையும் வைத்துக்கொண்டு ரசிகர்கள் பல பத்தாண்டுகளாக வரைந்துகொண்டே இருந்தார்கள். 2015 மே மாதம் அது புதிய தொழில்நுட்பத்தோடு டிஸ்னிலேண்டுக்குத் திரும்பியது; 2023 இல் ஃபுளோரிடாவுக்கும் வந்தது. அந்த இடைப்பட்ட காலத்தில், வீட்டு மேசையில் அனிமேஷன் செய்தவர்களுக்கு 1969 இன் சிக்கல் ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. தலையைத் தனி லேயரில் வரைந்து, ஸ்கிரீன் முறையில் வைத்து, 12 படங்களுக்குள் அதன் வெளிச்சத்தை 0 க்கு இறக்கினால், தோளின்மேல் எதுவும் மிஞ்சாது.